நாலுக்கு நாலு

ஜூலியசின் தலை பலகைச் சுவரில் மோதியபோது எழுந்த சத்தம் அகஸ்ரினுக்குப் பழக்கமானது. தோள் மோதினால் முழுச் சுவரும் அதிரும். முழங்கால் மோதினால் கீழ்ப் பலகை மட்டும் டக்கென்னும். தலையின் சத்தம் சின்னது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேருக்குக் கேட்காது.

ஜூலியஸ் எழுந்துவிட்டான். எழுந்து ஓடவும் தொடங்கினான். பந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

"உள்ளை வா!" என்று அகஸ்ரின் கத்தினார்.

ஆட்டக்காரர் இருக்கும் வாங்குக்கு முன்னால் இடுப்பளவில் ஒரு கதவு. உள்ளரங்க உதைபந்தாட்டத்தில் ஆட்டம் நிற்காமலே ஆளை மாற்றலாம். ஒருவன் வெளியே வர இன்னொருவன் பாய்வான். கதவைத் திறப்பதும் மூடுவதும் பயிற்றுநரின் வேலை. அகஸ்ரின் திறந்தார். ஜூலியஸ் வந்து வாங்கில் குந்தினான்.

புள்ளிப் பலகையில் நாலுக்கு நாலு. கடைசிக் கால்பகுதி. ரொறன்ரோவுக்கு அடுத்த மார்க்கம் நகரத்து மண்டபம், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். இதை வென்றால் கழகம் மேல் பிரிவுக்குப் போகும். வெல்லாவிட்டால் அகஸ்ரின் வீட்டுக்குப் போவார். கழகத் தலைவர் அன்ட்ரூ அதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை. அன்ட்ரூ இங்கேயே, யூனியன்வில்லில் வளர்ந்தவன், வீடு விற்பவன். ஆட்டத்துக்கு முன் கார் தரிப்பிடத்தில் கோப்பியை நீட்டிக்கொண்டே சொன்னான்.

"நோ பிரஷர், கோச். ஆனா மற்றாக்கள் எல்லாரும் கேக்கினம். ஐ கான்ற் ஹோல்ட் தெம் எனிமோர்."

அகஸ்ரின் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் பந்தடித்தவர். ரொறன்ரோவுக்கு வந்த முதல் மாரியில், பந்து விளையாட இடம் உண்டா என்று கேட்டார். ஒரு பழைய களஞ்சியத்துக்குள் கூட்டிப் போனார்கள். பச்சை விரிப்பு, சுற்றிவரப் பலகை, மேலே தகரம். "கூரைக்குக் கீழை அடிக்கிறது பந்தில்லை, பட்மின்ரன்" என்று ஊர்க் கழகத்து ஆட்கள் நக்கலடித்தார்கள். அவர் சுவரைப் படித்தார். எங்கே அடித்தால் பந்து எவன் காலுக்குத் திரும்பி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்குப் படித்தார். பகலில் இறைச்சித் தொழிற்சாலை, மிச்ச நேரம் சுவர். சம்பளம் கொடுக்கும் கழகம் ஒன்று அவரை எடுத்தது. முழங்கால் போகும்வரை ஆடினார். போனபின் உதவிப் பயிற்றுநர்; அதாவது, தண்ணீர்ப் போத்தல் தூக்குபவர். ஐம்பது தாண்டியபின்தான் தலைமைப் பயிற்றுநர் என்று பின்னிய மேலங்கி கிடைத்தது. அதைப் பூசைக்கும் போட்டுக்கொண்டு போனார்.

ஆடிய காலத்தில் அவர் தலையும் ஒருமுறை இதேபோல மோதியது. அப்போது பயிற்றுநர் ஒரு போலந்துக்காரர். முன்னால் குந்தியிருந்து கேட்டார். இது எந்த மண்டபம்? எத்தனையாவது கால்பகுதி? கடைசிக் கோல் யார் போட்டது? போன கிழமை யாரோடு ஆடினோம்? வென்றோமா? அகஸ்ரினுக்கு ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கோபம் வந்தது. என் ஊர் தெரியும், அப்பன் பெயர் தெரியும், விடு என்று அரைகுறை ஆங்கிலத்தில் கத்தினார்.

"அடிபட்டவனுக்குப் பழசு போகாது. இன்றையதுதான் போகும்" என்றார் போலந்துக்காரர். அந்தப் பருவம் முடியும்வரை அகஸ்ரினை வாங்கில் இருத்தினார். அகஸ்ரின் அவரோடு பேசாமல் இருந்தார். பின்னால், தான் உதவிப் பயிற்றுநரானபோது, அதே கேள்விகளை எத்தனையோ பேரிடம் கேட்டு எத்தனையோ பேரை இருத்தினார்.

அணியின் சிகிச்சையாளர், உடைமாற்றும் அறையில் கோல்காப்பாளரின் கிழிந்த புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வெளியே போயிருந்தது. நடுவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார். சரியா?

அகஸ்ரின் ஜூலியசுக்கு முன்னால் குந்தினார். ஜூலியசின் கண்கள் அவர் முகத்தில் இருந்தன. கொஞ்சம் தள்ளி, காதுப் பக்கமாக. கடைசிக் கோல் ஆர் போட்டது என்ற கேள்வி வாய்வரை வந்தது. என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்தது.

"எந்த ஊரடா நீ?" என்று கேட்டார்.

"பாசையூர்." குருநகருக்கு அடுத்த ஊர். மூச்சு வாங்கினான். "குருநகர் ஆக்களுக்கு அதையும் சொல்லிக் குடுக்கோணுமோ?"

வாங்கு முழுக்கச் சிரித்தது.

"அம்மான்ரை பேர்?"

"வேரோனிக்கா."

"மனிசின்ரை?"

"றெஜினா. அவளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை, ஏசுவாள்."

இன்னும் சிரித்தார்கள். "ஆளுக்கு ஒண்டுமில்லை. உவன் பாசையூரான், பலகைதான் உடைஞ்சிருக்கும்" என்றான் ராகுலன். அவன் பின்வரிசையில் ஆடுபவன்.

அகஸ்ரின் நடுவருக்குப் பெருவிரலைக் காட்டினார். கதவைத் திறந்தார்.

ஜூலியஸ் நன்றாகத்தான் ஆடினான். கால்களுக்குப் பழக்கம் இருந்தது. மூலையில் பந்தை வாங்கி, நிமிர்ந்து பாராமல் சுவரில் அடித்தான். அது திரும்பி வந்த இடத்தில் ராகுலன் நின்றான். ஐந்துக்கு நாலு. பந்தை அடித்த கணத்தில் எதிரணிக்காரனின் தோள் ஜூலியசின் தாடையில் பட்டது. பெரிய அடி இல்லை. அவன் விழவில்லை. தலை மட்டும் ஒருதரம் ஆடி நின்றது.

முடிவுச் சங்கு ஊதியது. எல்லோரும் ராகுலன்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். ஜூலியஸ் தனியாக எதிரணியின் வாங்குக்கு நடந்துபோய் உட்கார்ந்தான். அவர்களின் போத்தலை எடுத்துக் குடித்தான்.

"பாத்தியளே, பாசையூரானுக்கு எப்பவும் மற்றவன்ரை தண்ணிதான்!"

கத்தியவனே அதைக் கைபேசியில் படமெடுத்தான். அகஸ்ரின் போய் ஜூலியசின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கை குளிர்ந்திருந்தது.

"டூ மோர் இயேர்ஸ், கோச்!" என்று அன்ட்ரூ முதுகில் தட்டினான். அந்த நேரம் ஜூலியஸ் வெளியே பனிக் குவியலுக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக் குனிந்து சத்தியெடுத்துக்கொண்டிருந்தான்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அகஸ்ரின் மோர்னிங்சைட்டில் ஜூலியசின் வீட்டுக்குப் போனார். அதற்கு முன்னும் இரண்டுமுறை வாசல்வரை வந்து காரைத் திருப்பியிருந்தார். கையில் மீன் வைத்த மாலுபணிஸ் ஒரு பெட்டி.

றெஜினா கதவைத் திறந்தாள். மருத்துவமனையில் கண்டதைவிட மெலிந்திருந்தாள்.

"வாங்கோ அண்ணை. மெல்லமாக் கதையுங்கோ. சத்தம் இவருக்கு ஏலாது."

யன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தது. ஜூலியஸ் சோபாவில், கறுப்புக் கண்ணாடியோடு. லொறி ஓட்டியவன். லைசென்சை நிறுத்திவைத்திருந்தார்கள்.

"அண்ணை, நாங்கள் மேல் டிவிஷனுக்குப் போட்டமோ?"

"போட்டம். உன்ரை பாஸ்தானே."

"நான் அடிச்சனோ?"

"ராகுலன். நீ குடுத்தனீ."

ஜூலியஸ் சிரித்தான். தேத்தண்ணி வருவதற்குள் இன்னொருதரம் கேட்டான். "மேலை போட்டமோ, அண்ணை?"

"போட்டம்."

றெஜினா தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கோணும். ஸ்பெஷலிஸ்ற் கேட்டவர், அண்டைக்கு அங்கை ஆரும் இவரைச் செக் பண்ணினவையோ எண்டு. கோச் கேள்வி கேட்டுப் பாத்துத்தான் விட்டவர் எண்டு நான் சொன்னன். ராகுலன் எனக்கு அப்பிடித்தான் சொன்னவன். என்ன கேட்டதெண்டு அவைக்குத் தெரியோணுமாம்."

அகஸ்ரின் தேத்தண்ணியைப் பார்த்தார். சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்தார்.

"வழமையாக் கேக்கிறதுதான், தங்கச்சி. ஸ்கோர் என்ன, ஆர் கோல் போட்டது எண்டு."

"ஓம்," என்றான் ஜூலியஸ் சோபாவிலிருந்து. "ஸ்கோர் கேட்டவர். நான் சொன்னனான்."

றெஜினா திரும்பினாள். "என்ன சொன்னனீங்கள்?"

"மூண்டுக்கு ரெண்டு."

அவள் போய் அவன் முன்னால் முழந்தாளிட்டாள். "உங்களுக்கு அது ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாமல்? உப்பிடித்தான் முன்னாலை குந்தியிருந்து அண்ணை கேட்டவர்."

அந்த நாளில் ஒரு துண்டுகூட இதுவரை அவனுக்குத் திரும்பியிருக்கவில்லை. காலைப் பூசை இல்லை, கார்ப் பயணம் இல்லை, ஆட்டம் இல்லை. சின்னத் துண்டு வந்தாலும் உடனே சொல்லுங்கள், அது நல்ல அறிகுறி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைவைத்து வேலையைப் பற்றிப் பேசலாம் என்றும் சொல்லியிருந்தார். இதெல்லாம் றெஜினா ஒரே மூச்சில், கிசுகிசுத்த குரலில் அகஸ்ரினிடம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"சரியே, அண்ணை? மூண்டுக்கு ரெண்டோ?"

அன்று எந்த நேரத்திலும் பலகையில் அப்படி ஓர் எண்ணிக்கை இருந்ததில்லை. முதல் நாலு கோலும் எதிரணிக்கு. அதன்பின் ஐந்தும் தங்களுக்கு. அகஸ்ரின் ஒவ்வொன்றையும் மறக்காமல் வைத்திருந்தார்.

ஜூலியஸ் பொய் சொல்லவில்லை. அண்ணை கேட்டேன் என்றார், ஆகவே கேட்டிருப்பார். கேட்டிருந்தால் தான் சொல்லியிருப்பான். கறுப்புக் கண்ணாடி அவர் பக்கம் திரும்பியிருந்தது. வாங்கில் திரும்பியிருந்ததைப் போலவே, கொஞ்சம் தள்ளி.

"சரி," என்றார் அகஸ்ரின்.

றெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜூலியசின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். எழுந்துபோய் ஒரு யன்னலில் போர்வையின் ஒரு மூலையை விலக்கினாள். வெளிச்சம் விரல் அகலத்துக்கு விழுந்தது. ஜூலியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இருந்து சாப்பிட்டுப் போங்கோ, அண்ணை."

"இல்லை. பிராக்டிஸ் இருக்கு."

அவர் வாசலில் சப்பாத்தைப் போட்டார். முழங்கால் மடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உள்ளே றெஜினா பாசையூருக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். மெல்லப் பேசவேண்டும் என்பதை மறந்துவிட்டாள்.

"மாமி, இவருக்கு ஞாபகம் வருது. ஓம் மாமி. அண்டையான் ஸ்கோரைச் சொன்னவர். இல்லை, சும்மா இல்லை, கோச்சே வந்து நிக்கிறார். சரியெண்டு அவரே சொன்னவர்."

மறுமுனையில் வேரோனிக்கா அழுவது ஸ்பீக்கரில் கேட்டது.

"அண்ணை," என்று ஜூலியஸ் உள்ளிருந்து கூப்பிட்டான். "நாங்கள் மேலை போட்டமோ?"

அகஸ்ரின் கதவைச் சத்தமில்லாமல் மூடினார்.