கலங்கரை விளக்கத்தில் ஒரு கல்யாணம்

நாங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் படித்தது யுத்த வருஷம். ஐரோப்பாவில் சுட்ட ஒவ்வொரு குண்டும் நேராக வந்து எங்கள் பாடப் புத்தகங்களின் மேல்தான் விழுந்தது. காகிதப் பஞ்சம் அப்படி. பூந்தமல்லிக் கடைவீதியில் வேர்க்கடலை வாங்கினால் உள்ளங்கையில் கொட்டி அனுப்பினார்கள். பொட்டலம் வேண்டும் என்று கேட்டவனை யுத்தத் துரோகி போலப் பார்த்தார்கள்.

இங்கிலீஷில் எங்களுக்கு இரண்டு பங்கு பாடம். ஒன்று டீடெயில். அதை லோகநாதன் மாஸ்டர் வரிக்கு வரி, கமாவுக்குக் கமா நடத்துவார். ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் மாமரம் பூத்துக் காய்த்துவிடும். இன்னொன்று நான்-டீடெயில். அது ஒரு முழு நாவல். அதை நடத்த மாட்டார்கள். பிள்ளைகளே வீட்டில் படித்துக்கொள்ள வேண்டும், பரீட்சையில் மட்டும் கேள்வி வந்து நிற்கும். "நான்-டீடெயிலை நடத்தறவன் வாத்தியாரே இல்லை" என்பது மாஸ்டரின் கொள்கை. அவர் கொள்கையில் உறுதியானவர்.

வீட்டில் படிக்கலாம். புத்தகம் எங்கே?

முப்பது பேருக்கு மேல் இருந்த வகுப்பில் ஷேக் தாவூத் ஒருவனிடம்தான் அது இருந்தது. பூந்தமல்லியில் செருப்புக்கடை வைத்திருந்த அவன் அத்தா, தோல் வாங்கப் பட்டணம் போனபோது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அட்டை கிடையாது, ஆகவே நூலின் பெயரும் கிடையாது. எழுதியவன் பெயரும் அட்டையோடு போயிருந்தது. கதை மட்டும் இருந்தது.

பகல் மணி அடித்ததும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கப் புளியமரத்தடியில் தாவூத் உட்காருவான். நாங்கள் சுற்றி உட்காருவோம். அவன் இங்கிலீஷில் ஒரு பாரா படிப்பான், தமிழில் இரண்டு பாரா சொல்வான். கடல் கொந்தளிக்கும் இடம் வந்தால் எழுந்து நின்று ஆடுவான். அவன் ஆடிய ஆட்டத்தில் கடலையே பார்க்காத பையன்களுக்கெல்லாம் குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் சாப்பிட்டதை வாந்தி எடுத்தார்கள் என்றுகூடச் சொல்வேன், சாட்சிக்கு ஆள் இல்லை.

இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பவன் ஜம்புலிங்கம். நசரத்பேட்டைக்காரன். நானும் அதே ஊர்தான், தினமும் பெங்களூர் ரோட்டில் சேர்ந்துதான் நடந்து வருவோம். அவனுக்கு அம்மா அப்பா இல்லை. அம்மாவின் அண்ணன் நாகப்பன்தான் வளர்த்தார். நாகப்பன் ஏர் பிடிக்கிற மனிதர், சொன்ன சொல்லில் நிற்கிறவர். அவர் சொல்லியிருந்தது இதுதான்:

"செலக்‌ஷன் பரீட்சைல தேறினா பட்ணத்துப் பரீட்சைக்கு அனுப்புறேன். தேறலை, மறுநாள் காலைல ஏர் ஓட்ட வந்துடணும். இன்னா?"

செலக்‌ஷன் பரீட்சை என்பது, பட்டணத்தில் போய் எழுதும் எஸ்.எஸ்.எல்.சி.க்கு யாரை அனுப்பலாம் என்று பள்ளிக்கூடமே வைக்கும் வடிகட்டி. ஜம்புலிங்கம் கணக்கில் புலி. சரித்திரத்தில் பரவாயில்லை. இங்கிலீஷில் அவன் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் கால் உடைந்த மாடு மாதிரி நடக்கும். அவனைக் கரையேற்றக்கூடியது நான்-டீடெயில் கட்டுரை ஒன்றுதான். கதை தெரிந்தால் இழுத்து வளைத்து எழுதிவிடலாம். ஆகவே அவன் தாவூதை விடவில்லை.

"அப்பால இன்னா ஆச்சு மாமே? சொல்லு."

"மணி அடிச்சிட்டாங்கடா."

"அடிச்சா இன்னா? மாஸ்டர் கமா நடத்திகினு இருப்பாரு. நீ சொல்லு."

கதை இதுதான். எட்வின் என்று ஒரு அனாதைப் பையன். கடலோரத்துக் கலங்கரை விளக்கத்தில் விளக்கேற்றும் ஜேக்கப், அவன் தாயுடன் பிறந்தவர். அவரிடம் வளர்கிறான். ஜேக்கப்புக்கு மார்த்தா என்று ஒரே மகள். மாமன் ஒருநாள் கடிந்து பேச, பையன் கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போய்விடுகிறான். புயல், பட்டினி, கொள்ளைக்காரர்கள். பல வருஷம் கழித்து ஒரு மழை நாளில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். மார்த்தா கதவைத் திறக்கிறாள். கையிலிருந்த விளக்கை உயர்த்தி அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் பக்கங்கள் இல்லை. மூர் மார்க்கெட்டிலோ, அதற்கு முன்போ, யாரோ கிழித்துச் சுண்டல் மடித்துவிட்டார்கள்.

நாங்கள் கவலைப்பட்டோமா? ஒரு துளியும் இல்லை. தாவூத் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்புறம் இன்னா, கல்யாணம்தான்" என்றான். ஜம்புலிங்கம், "பின்னே?" என்றான். மாமன் மகள் வீட்டில் இருக்கிறாள், இத்தனை வருஷமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், முறைப் பையன் வந்து கதவைத் தட்டுகிறான். இதில் கேட்க என்ன இருக்கிறது? மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். நாளைக் காலையில் சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று யாராவது மாஸ்டரிடம் கேட்பார்களா?

செலக்‌ஷன் பரீட்சை வந்தது. நான்-டீடெயிலில் ஒரே கேள்வி: எட்வின் திரும்பி வந்தபின் நடந்ததை விவரி.

ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். அம்மன் கோயில் தேரின் உச்சியில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். மடமடவென்று எழுதினான். மை தீர்ந்து என்னிடம் வாங்கி எழுதினான்.

வகுப்பு முழுக்க எட்வினுக்குக் கல்யாணம் செய்துவைத்தது. சாப்பாட்டில் மட்டும்தான் கருத்து வேற்றுமை. தாவூத், கடற்கரை ஆனபடியால் மீன் பிரியாணி போட்டிருந்தான். நான் லட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஜம்புலிங்கம் எழுதியதுதான் பிரமாதம். கலங்கரை விளக்கத்தின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினான். திருமழிசையிலிருந்து மேளம் வரவழைத்தான். கப்பல் கேப்டன் சீர்வரிசைத் தட்டு எடுத்து வந்தார். தாம்பூலம் வைத்து அழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போன ஒரு பங்காளியை, ஜேக்கப் பாறை வரை ஓடிக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இத்தனையும் இங்கிலீஷில். கால் உடைந்த மாடுகள் கல்யாண வண்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தே விட்டன.

லோகநாதன் மாஸ்டர் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, பூந்தமல்லிக் கடைவீதியில் இருந்தவர்கள் இடி இடித்தது என்று குடையை எடுத்தார்கள்.

"வாழைமரமா? ஏண்டா, இங்கிலீஷ்காரன் சமுத்திரக் கரையிலே வாழைமரமா? எல்லாருக்கும் பூஜ்யம்!"

மற்றவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை, வேறு கேள்விகள் காப்பாற்றின. ஜம்புலிங்கத்துக்கு அந்தக் கட்டுரை போனால் ஒன்றும் மிச்சமில்லை. அவன் மட்டும் பெயில். வரும் வழியில் ரோட்டோரப் புளியமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஏர் ஓட்டுகிறவனுக்கு அவை நிழல் தரப்போவதில்லையே.

வீட்டில் நாகப்பன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தவில்லை.

"அப்டி இன்னாதான்டா எழுதினே? சொல்லு."

ஜம்புலிங்கம் கதையை முதலிலிருந்து சொன்னான். மாமனிடம் வளர்ந்த அனாதைப் பையன் என்றதும் நாகப்பன் வைக்கோலைக் கீழே போட்டார். கப்பலேறிப் போன இடத்தில், "அறிவு கெட்ட பய" என்றார். திரும்பி வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினார். கல்யாணம் முடிந்ததும், "இதுல இன்னா தப்பு?" என்றார்.

"தெர்ல மாமா. தப்புன்றாரு."

"தப்பா? வா, கேக்குறேன்."

மறுநாள் நாகப்பன் தலைப்பாகையும் கையில் தாற்றுக்கோலுமாகப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வந்து நின்றார். மாட்டை ஓட்டுகிற கோல்தான், மறந்து எடுத்துவந்துவிட்டார். மாஸ்டருக்கு அது தெரியாது. அவர் அதன் இரும்பு முனையைப் பார்த்தபடியேதான் கடைசி வரை பேசினார்.

"இன்னா வாத்யாரே, புள்ளைக்கு முட்டை போட்டுக்கீறீங்களாமே?"

"தப்பா எழுதினா பூஜ்யம்தான்யா."

"மாமன் பொண்ணைக் கட்னான்னு எழுதிக்கீறான். அது தப்புன்னா, எது ரைட்டு?"

"அது புஸ்தகத்திலே இல்லையேய்யா!"

"இல்லேன்னா புஸ்தகக்காரன் எழுத மறந்துட்டுக்கீறான். அதுக்குப் புள்ள இன்னா பண்ணுவான்?"

சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்தார். வகுப்பு முழுக்க ஜன்னலில் தொங்கியது. நான் தாவூதின் தோளில் ஏறியிருந்தேன். மாஸ்டருக்கு வேறு வழியில்லை. கொள்கையைக் காற்றில் விட்டார். கைகளை ஆட்டி, தெளிவான தமிழில், நான்-டீடெயிலின் முடிவை நடத்த ஆரம்பித்தார். தாவூதே அசந்துபோனான்.

"கேளுமய்யா. அவன் திரும்பி வர்றப்போ அந்த ஜேக்கப்புக்குக் கண் பார்வை போயிடுத்து. மார்த்தா ஏற்கெனவே டவுனிலே ஒரு ரொட்டிக் கடைக்காரனைக் கல்யாணம் பண்ணிண்டுட்டா. அப்பாவைப் பார்த்துக்க வந்திருக்கா. எட்வினை அவ அடையாளம் கண்டுண்டா, கிழவருக்குச் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி புயல். கிழவருக்குப் படியேற முடியலை. எட்வின்தான் ஏறி விடிய விடிய விளக்கைக் காத்தான். காலையிலே கிழவர், 'நீ யாருப்பா?'ன்னு கேட்டார். 'வழிப்போக்கன்'னு சொல்லிட்டு மறுபடியும் கப்பலுக்குப் போயிட்டான். முடிஞ்சுது."

பெங்களூர் ரோட்டில் ஒரு பட்டாளத்து லாரி போனது.

"பூட்டானா?" என்றார் நாகப்பன்.

"ஆமாம்."

"மாமன் கண்ணு தெரியாம கீறான். நான்தான் வந்துகீறேன்னு ஒரு வார்த்தை சொல்லாம பூட்டானா?"

"அதான்யா கதை. இலக்கியம்னா அப்படித்தான்."

நாகப்பன் திரும்பி ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"இதையா எங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறீங்கோ?"

ஹெட்மாஸ்டர் விவகாரம் தெரிந்த மனிதர். அவர் மாஸ்டரின் பக்கம் திரும்பிக் கேட்டார். "வகுப்பு மொத்தமும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கு. ஒருத்தன்கிட்டயாவது முழுப் புஸ்தகம் இருந்துதா?" மாஸ்டர் தாற்றுக்கோலைப் பார்த்தார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் திங்கட்கிழமை மறுபரீட்சை என்று முடிவாயிற்று.

எங்களுக்குப் பண்டிகை. முடிவுதான் வராந்தாவிலேயே கிடைத்துவிட்டதே! ஆனால் ஜம்புலிங்கத்துக்கு அன்று மாலையே புதுத் தலைவலி பிறந்தது. நானும் கூட இருந்தேன். நாகப்பன் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடி சொன்னார்:

"டேய், அவன் பூட்டான்னு மட்டும் நீ எழுதாதே."

"அதான் மாமா புஸ்தகத்துல கீது."

"கீட்டும். நீ எழுதாதே. நம்ம ஊட்டுப் புள்ள கையால அது வாணாம்."

"எழுதலைன்னா திரும்பவும் முட்டைதான் மாமா. ஏர் ஓட்டத்தான் வரணும்."

நாகப்பன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். ஏர் ஓட்ட வா என்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சொல்லவில்லை. பரீட்சை தேறினால் பையன் பட்டணம் போவான், பட்டணம் போனால் உத்தியோகம், உத்தியோகம் வந்தால் எந்த ஊரோ. அதெல்லாம் அவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் மகள் தாட்சாயிணி குழம்பு ஊற்ற வந்தாள். எல்லாவற்றையும் அடுப்பங்கரையிலிருந்து கேட்டிருந்தாள்.

"நைனா, அந்தப் பொண்ணு யாரைக் கட்டிகிச்சு?"

"ரொட்டிக் கடைக்காரனையாம்."

"தெனமும் ரொட்டியா? அது நல்லாத்தான் இருக்கும், உடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜம்புலிங்கத்தின் முகம் போன போக்கை நான் வேண்டுமென்றே விவரிக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தோம். கிழவர் குருடு, மார்த்தாவுக்கு ரொட்டிக் கடை, எட்வினுக்குக் கப்பல். ஜம்புலிங்கம் மட்டும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசி மணி அடிக்கும்வரை எழுதினான். நான் ஓரக்கண்ணால் பார்த்தபோது தாளில் அடித்ததும் திருத்தியதுமாக எறும்புப் புற்று மாதிரி இருந்தது.

மறுநாள் மாஸ்டர் விடைத்தாள்களோடு வந்தார். மற்றவற்றை மேஜையில் போட்டுவிட்டு ஜம்புலிங்கத்தினதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இடி வரும் என்று நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். இடி வரவில்லை. அவர் உரக்கப் படித்தார். மாஸ்டர் வராந்தாவில் சொன்ன முடிவை ஜம்புலிங்கம் வரிசை தவறாமல் எழுதியிருந்தான். எட்வின் போய்விட்டான் என்றும் எழுதியிருந்தான். அதன் கீழே, ஒரு வரி இடம் விட்டு, அவன் எழுதிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'புத்தகத்தில் இருப்பது இது. நசரத்பேட்டையில் இருக்கும் என் மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை.'

அவன் வாழ்நாளில் எழுதிய இங்கிலீஷில் கால் உடையாத மாடுகள் அந்த இரண்டும்தான். மாஸ்டர் பழைய மார்க்கோடு கூட்டி நூற்றுக்கு நாற்பது போட்டார். தேறுவதற்கு அது போதும். அந்தக் கடைசி வரியின் பக்கத்தில் ஏதாவது குறித்தாரா என்று தாவூத் எட்டிப் பார்த்தான். சிவப்பு மையில் ஒரு டிக் இருந்தது.

அன்று மாலை நாங்கள் ஊர் சேரும்போது நாகப்பன் ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். இந்த முறை கையில் கோல் இல்லை.

"தேறினியா?"

"தேறினேன் மாமா."

"பூட்டான்னா எழுதினே?"

"பூட்டான்னுதான் எழுதினேன். நீ ஒத்துக்கலைன்னும் எழுதினேன்."

"இங்கிலீசுலயா?"

"இங்கிலீசுலதான்."

நாகப்பன் தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, திரும்பக் கட்டிக்கொண்டார்.

"வாத்தியார் படிச்சாரா?"

"கிளாசுக்கே படிச்சுக் காமிச்சாரு மாமா."

"அப்போ பரீட்சைக்குப் போய்ட்டு வா" என்றார் அவர். சொல்லிவிட்டு, 'வா' என்ற வார்த்தையை இன்னொரு தரம் சொன்னார்.