நான்காவது பத்தி

என் அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கை வைத்தால் எந்த லிப்டும் சொன்ன பேச்சுக் கேட்கும். ஆனால் அவர் எழுதும் மெயிலைப் படித்தால், யாரோ கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டுக் காரணம் சொல்லாமல் போனது போல இருக்கும். "மோட்டார் சூடு. ஓட்டாதீங்க." முடிந்தது. வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது, கீழே பெயர்கூடக் கிடையாது. கம்பெனியில் அவருக்குத் 'தந்தி' என்று பட்டப்பெயர்.

அதே கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுகிறவள் நான். எனக்குப் பட்டப்பெயர் 'சர்க்கரை'. கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போன இரண்டு பேர் என் மெயிலைப் படித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு, மறைப்பானேன்.

வினை ஏழு மாடி ஆபீஸ் கட்டிடம் ஒன்றிலிருந்து வந்தது. அதன் மேலாளரை நாங்கள் டைக்காரர் என்போம். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் டை இருக்கும். அவருக்கு அத்தான் ஒரு மெயில் போட்டிருந்தார்: "லிப்டுல சோபா ஏத்தினது யாரு? அறிவு வேணாமா?" சோபாவை ஏற்றியது சாட்சாத் டைக்காரரேதான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இது மூணாவது புகார்மா. இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா உங்க அத்தான் வீட்டுல உக்கார வேண்டியதுதான். இனிமே அவர் யாருக்கும் போன் பண்ணக் கூடாது. எதுவா இருந்தாலும் மெயில். அந்த மெயிலும் நீங்க பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் வெளிய போகணும்."

அன்று சாயங்காலமே அக்கா போனில் வந்தாள். "உன்னைத்தான்டி மலை மாதிரி நம்பியிருக்கேன். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. இந்த மனுஷனுக்கு இந்த வேலையை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. எப்படியாவது அவரை ஒழுங்கா எழுத வை."

நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு தாளில் விதிமுறை எழுதி அத்தான் கையில் கொடுத்தேன். முதல் பத்தியில் வணக்கமும் நலம் விசாரிப்பும். இரண்டாவதில் அவர்களிடம் ஏதாவது ஒன்றைப் பாராட்ட வேண்டும். மூன்றாவதில் நன்றி. விஷயம் நான்காவது பத்தியில்தான் வரலாம், அதுவும் வேண்டுகோளாக. ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்தால், கிளம்புவதற்கு முன் இதே மாதிரி ஒரு பதில் போக வேண்டும்.

அத்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லிப்ட் விழப்போகுதுன்னா?"

"அப்பவும் இப்படித்தான் அத்தான். கெட்ட சேதியைச் சொல்றதுக்கு முன்னாடி மெத்தை போடணும்."

"விழுற வேகத்துல மூணு பத்திக்கு ஏதும்மா நேரம்?"

"குதர்க்கம் பேசாதீங்க. வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்று தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனிதர்.

ஒரு மாதம் புகாரே இல்லை. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை, டைக்காரர் கட்டிடத்தைச் சோதித்துவிட்டு அத்தான் எனக்கு எழுதினார்:

"ரெண்டாம் நம்பர் லிப்ட். கதவுப் பூட்டு தேஞ்சு போச்சு. ஏறினா நடுவுல நிக்கும். நான் ஆஃப் பண்ணிட்டேன். புதுப் பூட்டு வர்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க."

இதை அப்படியே அனுப்பினால் விளங்கினாற்போலத்தான் என்று நினைத்தேன். வியாழக்கிழமை அந்தக் கட்டிடத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் உட்கார்ந்து இழைத்து இழைத்து எழுதினேன். அனுப்பிவிட்டு இரண்டு தரம் நானே படித்து ரசித்தேன். டைக்காரரிடமிருந்து பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மனம் குளிர்ந்தது. நன்றி."

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளியும் நானும் போனோம். டைக்காரர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்க, வாங்க. உங்க மெயிலை என்ன பண்ணியிருக்கேன்னு வந்து பாருங்க" என்று எங்களை லிப்டுக்குள் தள்ளாத குறையாக ஏற்றினார். உள்ளே, பொத்தான்களுக்குப் பக்கத்தில், என் மெயில் லேமினேட் செய்து ஒட்டப்பட்டிருந்தது.

"எந்தக் கம்பெனி இப்படிப் பாராட்டி எழுதுது? வர்றவங்க எல்லாரும் படிக்கட்டும்னு ஒட்டிட்டேன். திங்கக்கிழமை எவனோ இந்த லிப்டை ஆஃப் பண்ணி வெச்சிருந்தான். நான்தான் மறுபடி ஆன் பண்ணேன்."

கதவு மூடியது. அப்போதுதான் கதவுக்கு மேலே எழுதியிருந்த 'லிப்ட் எண் 2' என் கண்ணில் பட்டது. வாயைத் திறப்பதற்குள் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது.

டைக்காரர் அவசர மணியை அழுத்தினார். அது எங்கோ அடித்தது. காவலாளி சாப்பிடப் போயிருந்தார், கேட்க ஆளில்லை. போனில் பேசச் சிக்னல் எடுக்கவில்லை. மெயில் மட்டும் முக்கி முனகிப் போகும் போலிருந்தது. அத்தானுக்கு எழுத ஆரம்பித்தேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த முதலாளி கத்தினார்.

"மாட்டிக்கிட்டு நிக்கறோம், 'நலமறிய ஆவல்'னு எழுதறீங்களே!"

கை பழகிவிட்டது, என்ன செய்ய. அதை அழித்து, மூன்று பேர் மாட்டியிருக்கிறோம் என்று அனுப்பினேன். அத்தான் பக்கத்துத் தெருவில்தான் வேலையில் இருந்தார். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்.

ஐந்து பத்தானது. பத்து இருபதானது. டைக்காரருக்கு வியர்த்து ஊற்றியது.

"இது நிக்கும்னு உங்க மெக்கானிக்குக்குத் தெரியாதா? திங்கக்கிழமை வந்து பார்த்தானே, ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? வெளிய போனதும் முதல் வேலை, புகார் எழுதறதுதான்."

"நீங்க எழுதவே வேணாம் சார்," என்றார் முதலாளி. "இன்னையோட அந்த ஆளை அனுப்பிடறேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். என் வேலைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. பொய் சொல்லவில்லை, அரை நிமிடம் அப்படித்தான் இருந்தேன். பிறகு, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்ட அத்தானின் முகம் ஞாபகம் வந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

"அவர் சொன்னாரு சார். நான்தான் உங்களுக்குச் சொல்லல."

போனில் அத்தானின் வரிகளை எடுத்துக் காட்டினேன். இருவரும் படித்தார்கள். டைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த என் மெயில் பக்கம் திரும்பினார். "இதுல இது எங்க இருக்கு?"

"நாலாவது பத்தி."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "'தங்கள் வசதிக்கு எவ்விதக் குறைவும் நேராத வண்ணம், இரண்டாம் எண் லிப்டின் பயன்பாட்டைத் தாங்கள் கருணைகூர்ந்து மறுபரிசீலனை செய்ய இயலுமாயின், அதன் கதவுப் பூட்டும் சிறிது ஓய்வு பெற ஏதுவாகும்...' நான் ரெண்டாவது பத்தியோட நிறுத்திட்டேம்மா. எங்க செடித்தொட்டியை அவ்வளவு புகழ்ந்திருந்தீங்க."

"பூட்டுக்கு எதுக்கும்மா ஓய்வு?" என்றார் முதலாளி. இந்த லிப்டில் மூன்று நாளாக எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அப்போது என் போன் சிணுங்கியது. அத்தானிடமிருந்து மெயில். தலைப்பு: 'அனுமதிக்காக.'

"வணக்கம். தாங்களும் தங்கள் லிப்டும் நலமா?

தங்கள் கட்டிடத்தின் செடித்தொட்டி மிக அழகு.

லிப்டில் மாட்டியிருக்கும் மூவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

தாங்கள் அனுமதித்தால் வந்து கதவைத் திறக்கலாம் என்று ஒரு எண்ணம்.

(பாத்துட்டியா? அனுப்பலாமா? கருவியோட வாசல்லயே நிக்கிறேன்.)"

இருபது நிமிடமாக மனிதர் ஒற்றை விரலால் இதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் எழுதினேன்: "வாங்க அத்தான்."

"வர்றேன்" என்று உடனே வந்தது.

நான்கு நிமிடத்தில் மேலே கதவு பாதி திறந்து, அவருடைய பூட்ஸ் தெரிந்தது. அப்புறம் முகம். "கரண்டை நிறுத்திட்டேன். ஒவ்வொருத்தரா வாங்க. கையைக் குடுங்க. சார், டையைக் கழட்டுங்க, மாட்டும்."

டைக்காரர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். அவர் கழுத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. மெக்கானிக் தனக்கு நேரடியாகவே எழுத வேண்டும், நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டார் டைக்காரர். முதலாளி காரில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "உங்க அத்தான் எங்கயும் போகல. ஆனா நாளையிலேர்ந்து நீங்க எழுதற மெயில் எல்லாம் அவர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் வெளிய போகணும்."

மறுநாள் டைக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பழக்கதோஷம், ஏழு பத்தி வந்துவிட்டது. அத்தானின் அனுமதிக்கு அனுப்பினேன். உண்மையில் அதில் பாதி அவருக்காகவே எழுதியது.

ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது. முதல் ஐந்து பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் கோடு கிழித்திருந்தார். ஆறாவது பத்தியின் நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவைத்திருந்தார்: "தப்பு என்னுடையது."

கீழே எழுதியிருந்தார்: "இது போதும். அனுப்பு."