குழாயில் தேங்கிய தண்ணீர்

நோண்டிக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அண்ணன்தான். எட்டு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரப்பிப் போட்டவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? இப்போது ஏ.சி. மெக்கானிக். இன்னும் கை சும்மா இருப்பதில்லை.

அண்ணனுக்கு மூளையில் கட்டி. பதினோரு நாளாக மூச்சு மெஷினில் கிடக்கிறார். "இனி திரும்ப மாட்டார், மெஷினை எடுத்துடலாம்" என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியாயிற்று. "என்னை இழுத்துப் பிடிச்சு வைக்காதீங்க" என்று அண்ணனே முன்பு சொன்னதுதான். ஆனாலும் அண்ணி கையெழுத்துப் போடவில்லை. காரணம் நோண்டி. திரையில் அவ்வப்போது வரும் சிவப்புக் கோட்டைப் பற்றி நர்ஸைத் துருவித் துருவிக் கேட்டு, "அது வந்தா அண்ணனே மூச்சை ஆரம்பிக்கிறார்னு அர்த்தம்" என்று அண்ணியிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தான். அன்றிலிருந்து அவள் அண்ணனோடு பேசிக்கொண்டே இருந்தாள். சிவப்பு வந்தால் 'உம்' கொட்டுகிறார் என்பாள்.

இன்று அவள் டீ குடிக்கப் போனபோது நோண்டியின் கண் மெஷினிலிருந்து அண்ணன் வாய்க்குப் போகும் குழாயில் நின்றது. உள்ளே வரும் காற்று வெதுவெதுப்பு, அறையோ குளிர். குழாய்க்குள் வியர்த்து, வளைவில் ஒரு மடக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அது குலுங்கும்போதெல்லாம் சிவப்புக் கோடு! மெஷின் அந்தக் குலுக்கலைத்தான் அண்ணனின் மூச்சென்று எடுத்துக்கொள்கிறதோ?

"சிஸ்டர், இந்தத் தண்ணிய எடுத்துட்டா என்ன ஆகும்?"

"எடுக்கத்தான் வந்தேன்" என்று நர்ஸ் வடித்துவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் பார்த்தான். இருபது. எல்லாம் பச்சைக் கோடு, மெஷின் தானாகத் தள்ளும் மூச்சு. பாழாய்ப்போன புத்தி, சும்மா இருந்திருக்கக் கூடாதா? சாயங்காலத்துக்குள் மறுபடி தண்ணீர் சேரும், கோடு வரும். வாயை மூடிக்கொண்டால் போதும்.

அண்ணி வந்து திரையைப் பார்த்தாள். "ஏன் தம்பி, சிவப்பே காணோம்?"

சொல்லிவிட்டான், ஒன்று விடாமல்.

"அப்போ இத்தனை நாளா நான் தண்ணியோடயா பேசிட்டிருந்தேன்?"

"அண்ணன் காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல அண்ணி. அதை மட்டும் என்னால நோண்டிப் பாக்க முடியாது."

அண்ணி நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அண்ணனின் காதருகே குனிந்து வெகுநேரம் பேசினாள். பிறகு பேனா கேட்டாள்.