அங்காரகி அன்று உதித்த பலூன்

மும்பையில் எங்கள் முலுண்ட் கிழக்கில் இப்போதெல்லாம் இரவு வருவதில்லை. எங்கள் கட்டடத்து வாசல் வரைக்கும் வருகிறது. பக்கத்து மனையில் எரியும் பலூனைப் பார்க்கிறது. பயந்துபோய் தாணே பக்கம் ஓடிவிடுகிறது. எங்கள் காகங்கள் மூன்று ஷிஃப்ட் வேலை பார்க்கின்றன. என் பால்கனித் துளசி தூக்கமில்லாமல் வெளிறிப்போய்க் கொட்டாவி விட்டதை நானே பார்த்தேன்.

பலூன் என்றால் பிறந்தநாள் பலூன் இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் உயரத்தில் ஏற்றி வைக்கும் விளக்குப் பலூன். ஒரு குடும்பம் உள்ளே குடியிருக்கலாம், அவ்வளவு பெரிது. மேகத்தை முட்டும் கோபுரம் கட்டுகிறானாம் பில்டர். வேலையோ பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும். அதற்குப் பிறகு விடியும் வரை அது எரிவது, வீடு வாங்க வருகிறவர்கள் நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதற்காக.

உனக்கு என்ன போச்சு என்று கேட்பீர்கள். எனக்கு மிரா போச்சு.

மிரா ஒரு நட்சத்திரம். திமிங்கல மண்டலத்தில் இருக்கிறது. வருஷத்தில் பல மாதம் கண்ணுக்கே தெரியாமல் மங்கிக் கிடக்கும். பிறகு மெல்ல எழுந்து, சில வாரம் பளிச்சென்று நின்று, மறுபடி அணைந்துபோகும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அது வரும்போதெல்லாம் மொட்டை மாடியில் நின்று வரவேற்றிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் இந்த நட்சத்திரத்தைவிடப் பிரகாசம், அந்த நட்சத்திரத்தைவிட மங்கல் என்று வெறும் கண்ணால் எடை போட்டு, உலகம் முழுக்க இதே பைத்தியம் பிடித்தவர்கள் நடத்தும் சங்கத்துக்கு அனுப்பி வைப்பேன். கல்யாணமான வாரத்தில்கூட விட்டதில்லை. இந்த டிசம்பரில் அது உச்சத்துக்கு வருகிறது. சாயங்காலமே தலைக்கு மேல் வந்து நிற்கும். ஆனால் தீபாவளிக்கு பலூன் ஏறிவிட்டது. புகைமூட்டத்தில் அந்த வெளிச்சம் பட்டு வானம் முழுக்க நேற்றைய டீ மாதிரி ஆகிவிட்டது. மிரா தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். எடை போட அக்கம்பக்கத்து நட்சத்திரம் வேண்டாமா? எல்லாம் அந்த டீயில் கரைந்துபோயின.

எங்கள் ஸொஸைட்டி சேர்மன் யஷ்வந்த் தாம்லேயிடம் போனேன். பலூனுக்கு ஆட்சேபணை இல்லை என்று பில்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புண்ணியவான் அவர்தான். பதிலுக்கு பில்டர் எங்கள் மதில் சுவருக்கு ரோஜா வர்ணம் அடித்துக் கொடுத்திருந்தான்.

"தாம்லே ஸாஹேப், வேலை முடிஞ்சதும் அதை அணைக்கச் சொல்லுங்க."

"எதுக்கு மந்தாதாயி? வெளிச்சம் இருந்தா திருடன் வரமாட்டான்." (மந்தா என் பெயர்; தாயி என்றால் மராத்தியில் அக்கா.)

"வரட்டும், டார்ச் வாங்குற செலவு அவனுக்கு மிச்சம்."

"நட்சத்திரம் பாக்கணும்னா கர்ஜத் பக்கம் போய் ஒரு ரிஸார்ட்ல தங்குங்க. மும்பையில இருந்துக்கிட்டு இருட்டு கேட்டா எப்படி? சுவரைப் பாத்தீங்களா? ராத்திரியில ரோஜா கலர் எப்படித் தூக்குது!"

எனக்கு வந்த கோபத்தில் என் தலையிலிருந்து கிளம்பிய ஆவியில் கட்டடம் முழுக்க இட்லி அவித்திருக்கலாம். பொதுக்கூட்டத்தில் கேட்டேன். சிரித்தார்கள். வார்டு ஆபீஸில் கேட்டேன். சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறது அம்மா, வெளிச்சத்துக்கு இல்லை என்றார்கள். மிரா வாரத்துக்கு வாரம் பிரகாசமாகிக்கொண்டிருந்தது. சங்கத்துக்காரர்கள் சிலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் எழுதுகிறார்கள். முலுண்ட் மட்டும் மௌனம்.

அந்த மாதத்துச் சங்கட சதுர்த்தி செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. செவ்வாயில் வந்தால் அதற்கு அங்காரகி என்று பெயர். அன்று ஒருநாள் பட்டினி கிடந்தால் வருஷம் முழுக்கக் கிடந்த பலன். அதனால் எங்கள் கட்டடத்தில் லிஃப்டைத் தவிர எல்லோரும் உபவாசம். நிலா உதித்ததும் அதற்குத் தண்ணீர் விட்டு, அட்சதை போட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் எதையும் வைக்க வேண்டும். நான் என் பசிக்கு நிலாவிடம் அனுமதி கேட்பதில்லை. பைனாகுலரோடு சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

மாடி நிறையக் கூட்டம். பூஜைத் தட்டுகள், செம்புகள், மூடி வைத்த மோதகங்கள். மோதக வாசனையில் ஆண்கள் நடக்கக்கூட முடியாமல் சுவரைப் பிடித்து நின்றார்கள். சேர்மனின் மனைவி சுலபா முன்வரிசையில் நின்றாள். கட்டடத்துக்கே அண்ணி முறை, வஹினி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள்.

காலண்டரில் போட்டிருந்த நேரம் ஆயிற்று. கிழக்கே புகைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை.

"வந்தாச்சு! வந்தாச்சு!" என்று தாம்லே கத்தினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழக்கமாக வடக்கே, எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எரியும் பலூனை அன்று கிரேன் கையில் கட்டிக் கிழக்கே உயர்த்தியிருந்தார்கள். புகை அதற்கு மஞ்சள் பூசி, குங்குமமும் வைத்துவிட்டிருந்தது.

"ஸாஹேப், அது நிலா இல்லே. பௌர்ணமி முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. சதுர்த்தி நிலான்னா ஓரத்துல கடிச்ச பூரி மாதிரி இருக்கணும். இது முழு வட்டம்."

"மந்தாதாயி, பசியில இருக்கிறவனுக்கு வட்டமும் ஒண்ணுதான், சதுரமும் ஒண்ணுதான்."

"அது பில்டரோட பலூன்!"

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் பலூன்தான். போன மாசம் சூரியனைக்கூட அணைக்கச் சொல்லி வார்டு ஆபீஸ்ல மனு கொடுத்தீங்களாமே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வஹினி மட்டும் சந்தேகமாக என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, தாயி சொல்றதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். "காலண்டரை விடப் பெரிய ஆளா அவங்க?" என்று தாம்லே அவள் கையைப் பிடித்துச் செம்பைச் சாய்த்தே விட்டார். தண்ணீர் விழுந்தது. அட்சதை பறந்தது. கட்டடமே பலூனைக் கும்பிட்டது. மோதகங்கள் காணாமல் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே. ராக்கெட் விடுகிறவர்கள் வந்து பாடம் படிக்கலாம்.

வஹினி முதல் மோதகத்தை விழுங்கிய நேரம், காற்று அடித்தது. கிரேன் கை திரும்பியது. நிலா சாவகாசமாக இடப்பக்கம் நகர்ந்து, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே போய் நின்று ஆடியது.

யாரும் மெல்லவில்லை. விழுங்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, மங்கலாக, மேல் ஓரம் தேய்ந்துபோய், நிஜமான நிலா எட்டிப் பார்த்தது.

 வஹினி செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தாம்லே பக்கம் திரும்பினாள். கேட்டாள்:

"அந்தக் கருமத்துக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"சுலபா, அது வந்து... சுவருக்குப் பெயிண்ட்..."

"காலையிலேர்ந்து எச்சில் முழுங்காம கிடந்தேன். ஒரு எலெக்ட்ரிக் பல்பைக் கும்பிட வச்சுட்டீங்க. உங்க ரோஜா சுவத்துல போய் முட்டிக்குங்க."

செம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பெண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். லிஃப்ட் மொட்டை மாடி வரை வராது, அவசரமாகப் படியிறங்க என் முழங்கால் ஒத்துழைக்காது, அதனால் நான் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தேன்; பேச்சும் காதில் விழுந்தது. கட்டட மனையின் கேட்டில் காவலாளி ஜக்தீஷ் கைகூப்பி நின்றான்.

"மேடம், அணைக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

"எங்க மேலிடம் அதோ நிக்குது, பாரு" என்று வஹினி நிலாவைக் காட்டினாள். "இந்தச் செம்புல பாதித் தண்ணியை உன் பலூனுக்கு விட்டாச்சு. மீதியை உன் ஸ்விட்ச் போர்டுல விடட்டுமா?"

பலூன் அணைந்தது.

இருட்டு வந்தது ஐயா! வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்த மாதிரி வந்தது. நிலா இன்னும் தாழ்வாகத்தான் இருந்தது. தலையைத் தூக்கினேன். திமிங்கலம் ஒவ்வொரு புள்ளியாகக் கூடியது. நடுவே மிரா, சிவப்பாக, கொழுகொழுவென்று. இந்தப் பக்கத்து நட்சத்திரத்தைவிட ஒரு சுற்று அதிகம், அந்தப் பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வாய்விட்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் மிச்சமிருந்த மோதகத்தைத் தின்றுகொண்டே பார்த்தேன்.

மறுநாள் பில்டர் ஒரு பெட்டி பேடா அனுப்பினான், கூடவே ஒரு வாக்குறுதியும்: இனி ஒவ்வொரு சங்கட சதுர்த்திக்கும் பலூன் எரியாது. தாம்லே அதைத் தன் வெற்றியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. மாதத்தில் ஒரே ஒரு நாள், அதிலும் நிலா எழுந்து வானத்தை வெளுக்கிற நாள்! அடுத்த சதுர்த்திக்குள் மிரா உச்சத்தைத் தாண்டிவிடும். மற்ற நாளெல்லாம் வானம் பில்டருக்கு, எங்களுக்கு பேடா.

ஒரு திட்டம் போட்டேன். அடுத்த நாள் வஹினி வீட்டுக்குப் போய் முகத்தை பக்தியாக வைத்துக்கொண்டேன்.

"வஹினி, தாரா விரதம்னு ஒண்ணு இருக்கு. இந்த மாசம் பூரா தினமும் நட்சத்திரத்தைப் பாத்துட்டுத்தான் சாப்பிடணும். உன் மகளுக்கு ரொம்ப நல்லது."

வஹினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"பழைய புத்தகம்."

"பொய் சொல்றப்ப உங்க காது ஆடுது தாயி." கீரையை ஓரமாக வைத்தாள். "என் மகளை இதுல இழுக்காதீங்க. சாமியையும் இழுக்காதீங்க. பில்டர் என்னை முட்டாளாக்குனான்னு எனக்குக் கோபம். உங்க நட்சத்திரத்தைத் திருடுறான்னு உங்களுக்குக் கோபம். ரெண்டும் நிஜந்தானே? அது போதாதா?"

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். என் ஆயுசில் அது அபூர்வம்.

அன்று சாயங்காலம் பலூன் ஏறியதும் கட்டடத்துப் பெண்கள் படியிறங்கினார்கள். நான் லிஃப்டில் போய்ச் சேர்ந்தேன். தட்டு இல்லை, பட்டுப்புடவை இல்லை, வீட்டில் இருந்த கோலத்திலேயே வந்திருந்தார்கள். ஜக்தீஷ் எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான்.

"இன்னிக்கு என்ன விசேஷம் மேடம்?"

"ஒண்ணுமில்லே, வெறும் வியாழக்கிழமை" என்றாள் வஹினி. "அணை."