நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

எனக்கு இயற்பியல் தெரியாது. பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் அது என்னைக் கைவிட்டது. நானும் அதை விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் யார் பேராசிரியர் ஆவார், யார் ஆகமாட்டார் என்பது முதலில் தெரிவது எனக்குத்தான். பதவி உயர்வுப் பிரிவில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிக் கட்டத்தில் போடுவது என் வேலை. படிப்பது என் வேலை இல்லை. குழுவில் இருப்பவர்களும் அதைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை.

டாக்டர் கிருபானந்தன் மீக்கடத்திகளை ஆராய்கிறவர். நன்றாகக் குளிரவைத்தால் மின்தடை அடியோடு இல்லாமல் போகும் பொருள்களுக்கு அந்தப் பெயர் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பேராசிரியர் பதவிக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது சாதாரணக் குறை அல்ல. மரண அறிவித்தலில்கூடப் பெயருக்கு முன்னால் உத்தியோகம் வரவேண்டும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் நாலாவது முறையாக விண்ணப்பித்தார். இதை விட்டால் இனி இல்லை.

இந்த முறை எண்ணிப் பார்த்ததும் துள்ளிவிட்டேன். ஒரே கட்டுரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள். உடனே போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் காலை, சந்தோஷமாக வருவார் என்று பார்த்தால், முகம் வெளிறி வந்து நின்றார். கையில் ஒரு கடிதம்.

"தியாகு அண்ணே, அந்தப் பேப்பரை லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க."

"ஏன் டாக்டர்?"

"அது தப்பு. அந்த நானூத்திப் பன்னிரண்டு பேரும், நாங்க அளந்தா இப்படி வரலியேன்னு சொல்றதுக்குத்தான் என் பேரை எழுதியிருக்காங்க."

விஷயம் இதுதான். அளக்க வேண்டிய பொருளின் துண்டில் மெல்லிய கம்பிகளை வெள்ளிப்பசையால் ஒட்டிக் குளிரவைப்பார்களாம். குளிரில் ஒரு கம்பியின் ஒட்டு விட்டுப்போனது. மீட்டர் பூஜ்யம் காட்டியது. மின்தடை ஒழிந்தது என்று இவர் உலகத்துக்கே அறிவித்துவிட்டார். இவர் துறையிலேயே விரிவுரையாளராக இருக்கும் கிள்ளான் ஊர்க்காரப் பெண் சிவமலர், அதே துண்டை நாலு வருடம் திரும்பத் திரும்ப அளந்து பிழையைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரி. இதோ, ஜர்னலுக்கு லெட்டர் எழுதிட்டேன், என் பேப்பரை வாபஸ் வாங்கப் போறேன்."

"வாங்குனா உங்களுக்கு மிச்சம் எழுபத்தொண்ணுதான். ப்ரொஃபசராக முந்நூறு வேணும். டாக்டர், ஃபாரத்துல சரி, தப்புன்னு கட்டமே இல்ல. லெட்டரை அனுப்புங்க, யாரு வேணாங்குறா? மூணு வாரம் பொறுத்து அனுப்புங்க லா. கூட்டம் முடியட்டும்."

கடிதத்தை விரித்து ஒருமுறை படித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கடைசியில் கடிதத்தை மடித்தார்.

"மூணு வாரந்தானே," என்றார்.

குழுவுக்கு ஏழு நிமிடம் போதுமாக இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு என்றார் தலைவர். பார்க்கத்தான் பார்த்தது. அந்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் புதுப் பேராசிரியருக்கு மாலை விழுந்தது. நானும் ஒன்று போட்டேன். மனசார மகிழ்ந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

மூன்று வாரம் மூன்று மாதமானது. ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "இப்ப வாபஸ் வாங்குனா யுனிவர்சிட்டி பேரு கெட்டுடும் அண்ணே. ப்ரொஃபசர்னா ஒரு பொறுப்பு இருக்கே," என்றார். தப்பு செய்ய மட்டும் டாக்டர் பட்டம் போதும். அதைக் காப்பாற்றப் பேராசிரியர் பதவி வேண்டும்போல.

அடுத்த வருடம் அவரே பதவி உயர்வுக் குழுவில் உறுப்பினர். மூத்த விரிவுரையாளர் பதவிக்குச் சிவமலர் விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய முக்கியக் கட்டுரை அந்த வெள்ளிப்பசைக் கட்டுரைதான். அதை அவர் முன்னால் வைத்தேன். அந்த அறையில் அதைப் படித்திருந்தவர் அவர் ஒருவரே. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வார் என்றுதான் நம்பினேன்.

உங்கள் துறை, நீங்களே சொல்லுங்கள் என்றார் தலைவர். அவர் கட்டுரையைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் தியாகராசா, சைட்டேஷன் எத்தனை?"

"ரெண்டு," என்றேன்.

போதாது என்று தலையசைத்து அவர் அடுத்த கோப்பை எடுத்தார்.

வெளியே சிவமலர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முடிவைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

"அங்கிள், ப்ரொஃபசர் என் பேப்பரைப் படிச்சிருக்காரா?"

"படிச்சிருக்காரும்மா."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப போதும் அங்கிள். மத்தவங்க எண்ணிக்கிட்டுப் போகட்டும்," என்றாள்.