செக்கிங் மாஸ்டர் வீட்டு அத்தி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நாற்பது வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மாஸ்டராக இருந்து நான் பிடித்த ஓட்டைகள், எண்ணெய்க் கறைகள், விட்டுப்போன தையல்கள் அத்தனையின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. குறை சொல்வது மட்டும்தான் பழக்கம்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் ரங்காத்தாள் வீட்டு மாடியில் நானும் என் மனைவி மருதாளும் குடியிருக்கிறோம். கீழே ரங்காத்தாள். வேலையை விட்ட மறு வாரமே உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து சீமை அத்திக் குச்சி ஒன்று வாங்கி வந்தேன், ஒரு முழ நீளம். நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஐந்து ஓட்டை போட்டு, உடைந்த ஓடு பரப்பி, செம்மண்ணும் தென்னை நார்த்தூளும் மக்கிய சாணியும் கலந்து நிரப்பினேன். முன்னறையில் மேற்கு ஜன்னலோரம் வைத்தேன். வேருக்கு இடம் நெருக்கினால்தான் அத்தி காய்க்கும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் நெருக்கத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்தில் மரம் கூரையைத் தொட்டது. அதற்கு மேல் வழியில்லை என்று தெரிந்ததும், மின்விசிறி சுற்ற இடம் விட்டு மரியாதையாக வளைந்துகொண்டது.

ஒரு நாள் காலை இலை ஒன்றில் மிளகளவு ஓட்டை. கை சும்மா இருக்குமா? சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் ஒன்றைக் கிழித்து ஒட்டிவிட்டேன். செக்கிங் டேபிளில் அதுதான் முறை. அம்பின் மூக்கு காட்டுகிற இடத்தில் குறை. பீஸ் டெய்லரிடம் திரும்பிப் போகும். அவர் சரிசெய்து, ஸ்டிக்கரை உரித்துப் போட்டுவிட்டுத் தருவார்.

சாயங்காலம் பார்த்தேன். ஸ்டிக்கர் தரையில் கிடந்தது. இலையில் ஓட்டை இல்லை.

முதல் சந்தேகம் மருதாள் மேல்தான்.

"ஏனுங்க, உங்க சட்டைப் பொத்தானே ஆறு மாசமாத் தைக்காமக் கெடக்குது. இதுல இலையத் தெச்சுப்போட்டு உக்காந்திருப்பனாக்கும்?" என்றாள்.

அதுவும் நியாயம். அதனால் முறைப்படி சோதித்தேன். ஓரம் பழுத்த இலைக்கு ஒரு ஸ்டிக்கர்; சாயங்காலம் பச்சை. கோணிப்போன கிளைக்கு ஒன்று, மறுநாள் நேர். மகிமை ஸ்டிக்கருக்கா, மரத்துக்கா என்று தெரிய வேண்டுமே. ஆடுகிற நாற்காலிக் காலில் ஒன்று ஒட்டி மூன்று நாள் காத்திருந்தேன். நாற்காலி ஆடிக்கொண்டேதான் இருந்தது. ரசக் குண்டாவில் ஒன்று ஒட்டினேன். அதற்குப் பதில் வந்தது, ஆனால் ரசத்திடமிருந்து அல்ல. ஆக, மகிமை மரத்துக்குத்தான் என்று நிரூபணமானது.

எப்படிச் செய்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. எதிரே நாற்காலி போட்டுப் பகல் முழுவதும் பார்த்தேன். மரம் அசையவில்லை. டீ டம்ளரை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் வேலை முடிந்திருந்தது. டெய்லர்களும் அப்படித்தான். பக்கத்தில் நின்று பார்த்தால் கை ஓடாது.

இந்த ஆராய்ச்சி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு திங்கட்கிழமை ரங்காத்தாள் படியேறி வந்தார்.

"மாஸ்டருங்க, ஊரெல்லாம் காயுது, எங்கூட்ல மட்டும் மழை. டிவி மேல சொட்டுதுங்க."

"மரத்துக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்தறனுங்க அம்மணி."

"ரெண்டு வருசமா ஊத்தறீங்க. ஒரு காய் கண்டீங்களா? காய்க்காத மரத்துக்கு ஊட்டுக்குள்ள என்னங்க வேலை? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பனுங்க. ஒரே ஒரு காய் கண்ணுல காட்டுங்க, இருந்துட்டுப் போகுது. இல்லீனா டிரம்மோட ரோட்டுக்கு எறக்கிப் போடுங்க."

ரோட்டில் துணி ரோல் ஏற்றிய லாரி திரும்பும். ஒரே நாளில் மரம் சட்னி. அது போய்விட்டால் நான் குறை கண்டுபிடிக்க வீட்டில் மருதாள் மட்டும்தான் மிச்சம். இதை என்னைவிட முன்னால் புரிந்துகொண்டவள் மருதாள். அதுவரை மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தவள், அன்று படி வரைக்கும் ஓடினாள்.

"அக்கா, மரம் இருக்கட்டுமுங்க்கா. வேணும்னா டிவிக்கு நானே கொடை பிடிக்கறனுங்க."

அதற்குள் ரங்காத்தாள் கீழே போய்க் கதவைச் சாத்தியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் அந்தத் தவறைச் செய்தேன். காய் இல்லாததும் ஒரு குறைதானே என்று கணுவுக்கு ஒரு ஸ்டிக்கர், இலைக்காம்புக்கு ஒரு ஸ்டிக்கர் என்று ரோல் தீரும்வரை ஒட்டினேன். மரமே சிவப்பாகிவிட்டது. புதன்கிழமை காலை எழுந்து வந்தால் இலை எல்லாம் தரையில். ஒன்றுகூடக் கிளையில் இல்லை. ஸ்டிக்கர்கள் மட்டும் கணுவில் அப்படியே இருந்தன.

வியாழக்கிழமை பக்கத்து அறை இசக்கிமுத்து எட்டிப் பார்த்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஓவர்லாக் டெய்லர். ஒரு காலத்தில் அவன் தைத்த பீஸ்களெல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும்.

"அண்ணாச்சி, ஒருநா என் பீஸ் நாப்பத்தெட்டையும் திருப்பி அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நாப்பத்தொம்பது."

"சரி, நாப்பத்தொம்பது. நான் என்ன செஞ்சேன்? மிஷின ஆஃப் பண்ணிட்டு டீக்கடையில போய் உக்காந்துட்டேம்லா. அதத்தான் இதுவும் செஞ்சிருக்கு."

"அப்ப டீ வாங்கி ஊத்தோணுங்கறியா?"

"டீயெல்லாம் ஊத்திராதீங்க, எறும்பு வந்துரும். என்னைக்காச்சும் ஒரு பீஸ எடுத்து, இது நல்லாருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கீங்களா?"

யோசித்தேன். நாற்பது வருடத்தையும் ஒவ்வொன்றாக யோசித்தேன். செக்கிங் டேபிளில் அதற்கு ஸ்டிக்கர் கிடையாது.

அவன் போன பிறகு ஸ்டிக்கர்களை என் கையாலேயே உரித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, நகம் வலித்தது. பிறகு மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மருதாள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஆரைங்க சொன்னீங்க?"

"மரத்தை."

"அதானே" என்று உள்ளே போனாள். ஆனால் அன்று இரண்டாவது டம்ளர் காபி கேட்காமலே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மொட்டைக் கிளைகளில் ஆறு பழம் தொங்கியது. பிஞ்சு, காய் என்று படிப்படியாக வராமல், நேரே பழுத்த பழம். கோலிக்குண்டு அளவில் ஒன்று, எலுமிச்சை அளவில் இரண்டு, சாத்துக்குடி அளவில் இரண்டு, தேங்காய் அளவில் ஒன்று. திருப்பூரில் அட்டைப்பெட்டி ஒட்டிய எவருக்கும் இது தெரியும். ஒரு பெட்டிக்கு ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று.

ரங்காத்தாள் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார்.

"ஏனுங்க, ஒண்ணொண்ணும் ஒவ்வொரு சைஸா இருக்குது?"

"எக்ஸ்போர்ட் பேக்கிங்ங்க அம்மணி."

எக்ஸ்எல்லைப் பறித்து, அங்கேயே நின்று பாதி தின்றார்.

"இனிப்பாத்தான் இருக்குது. விதைதான் நறநறங்குது. தோலும் கொஞ்சம் தடிப்புங்க."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஸ்டிக்கர் எடுக்காமல் வெறுங்கையாகவே வெளியே எடுத்துவிட்டேன்.

"இருக்கட்டுமுங்க மரம்" என்றார் ரங்காத்தாள். "அடியில ஒரு அகலத் தட்டு மட்டும் வெச்சு, ஒரு கொடத்தோட நிறுத்திக்குங்க." மீதிப் பாதியை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கினார். மருதாள் கதவோரம் நின்று பெருமூச்சு விட்டாள்.

மரம் இன்றும் அதே ஜன்னலோரம்தான் நிற்கிறது. அதன் அடித்தண்டில், கடையில், இல்லையில்லை, தோட்டத்தில் வாங்கிய நாளிலிருந்தே, "நூறு சதவீதம் பாலியஸ்டர்" என்று ஒரு லேபிள் தைத்திருக்கிறது.