நடுவில் பேசக் கூடாது

2023 ஜூன் 14, புதன்கிழமை. திருப்பதி–சென்னை சாலையில் வடமாலபேட்டையைத் தாண்டி உள்ள ஒரு குடிமீட்பு மையத்தில், விடியும் முன் கம்பிக்கதவு திறந்து இருபத்தாறு பேர் பின்புறத்தில் ஹாலோபிளாக் கல் செய்யும் களத்துக்கு வந்தார்கள்.

சிமெண்டையும் கிரஷர் தூளையும் கொட்டித் தண்ணீர் விட்டு மண்வெட்டியால் புரட்டினார்கள். கையுறை கிடையாது. சிமெண்ட் வியர்வையில் கரைந்து விரலிடுக்குகளை அரித்தது. காய்ந்த கற்களை நெஞ்சோடு அணைத்துச் சுமந்து லாரியில் ஏற்றினார்கள். கூலி இல்லை. மையத்தில் இதற்குப் பெயர் வேலை சிகிச்சை.

சேர்க்க வரும் குடும்பத்தாருக்கு மற்றதெல்லாம் சொல்லப்படும். போனையும் பெல்ட்டையும் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். முதல் மாதம் யாரும் பார்க்க வரக் கூடாது. ஜெபம், யோகா, பகிர்வுக் கூட்டம் உண்டு. மூன்று மாதத்தில் வீட்டுக்குப் போகலாம்; குணமாகவில்லை என்று மையம் சொன்னால் இன்னொரு மூன்று மாதம். களத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

சித்தூர் லாரி டிரைவர் ஸ்டீவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. அவனுக்கு அடுத்து நின்ற இஸ்ரேல், பாலசமுத்திரத்துக் கரும்பு வெட்டுகிறவர், திங்கட்கிழமை இரவு வந்தவர். இருபது வருடக் குடி அன்றோடு நின்றிருந்தது.

"இன்னா இஸ்ரேலண்ணா, கல்லு ஆடுதா, கை ஆடுதா?" என்றான் யோகேஷ். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் வேலையில் இருந்தவன்.

"ரெண்டும் ஆடுதுப்பா. செவுத்துல அவ்ளோ எறும்பு போய்க்கினு கீதே, பாக்கலியா நீ?"

சுவரில் எறும்பு இல்லை. யோகேஷ் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

கல் முதலில் விழுந்தது, பிறகு இஸ்ரேல். கைகால் வெட்டி இழுத்தது. வாயில் நுரையோடு ரத்தம் வந்தது. ஸ்டீவன் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தான்.

மையத்தின் நிறுவனர் தேவேந்திரன் வந்து பார்த்தார். "நாடகாலு ஆடொத்து பாபு," என்றார் தெலுங்கில், கிடந்தவரிடம்.

"நாடகம் இல்ல சார், வலிப்பு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போணும்," என்றான் ஸ்டீவன்.

"எனக்கும் வந்துச்சு, நான் குடிய வுட்டப்போ. செத்தா பூட்டேன்? ஒடம்பு சரக்கு கேக்குது, அவ்ளோதான். வெளிய வுட்டா நேரா ஒயின் ஷாப்புக்குத்தான் போவான்."

"நிக்கவே முடியல. கடைக்கு எங்க சார் போவாரு?"

"ஸ்டீவன், ஞாயித்துக்கிழமை வூட்டுக்குப் போறவன் நீ. இப்ப பேசறது நீ இல்ல, உன் நோயி. ஜெயகுமாரிக்கு நான் ஒரு போன் போட்டா போதும். போடட்டா?"

ஜெயகுமாரி ஸ்டீவனின் மனைவி. ஸ்டீவன் இஸ்ரேலை விட்டு எழுந்து, விழுந்த கல்லை எடுத்து லாரியில் வைத்தான்.

இஸ்ரேலை ஓர் அறைக்குத் தூக்கிப் போய்க் கட்டிலில் கைகளைக் கட்டினார்கள். கன்னையா வெளியே பூட்டினார். அவரும் ஒரு காலத்தில் நோயாளியாக வந்தவர்தான். திரும்பிப் போக வீடில்லாமல் அங்கேயே வார்டன் ஆனவர். சோறும் கட்டிலும்தான் சம்பளம்.

பகிர்வுக்கு மணி அடித்தது. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி, இன்றைக்கு மட்டும் குடிக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு மனதில் உள்ளதைச் சொல்லலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் நடுவில் பேசக் கூடாது. தேவேந்திரன் போட்ட விதி. அவரும் அதை மீறியதில்லை.

பூட்டிய அறையிலிருந்து கட்டில் அதிரும் சத்தம் வந்தது. இஸ்ரேலுக்கு மறுபடியும் இழுத்தது.

ஸ்டீவன் எழுந்தான். "என் பேரு ஸ்டீவன். நான் ஒரு குடிநோயாளி. இன்னைக்கு மட்டும் குடிக்கமாட்டேன்." பூட்டிய அறைப் பக்கம் கை காட்டினான். "இஸ்ரேலண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் கல்லும் தூக்கமாட்டேன். நான் சொல்றது குடிகாரன் பேச்சுதான். ஆனா அந்த ஆளு செத்துப்பூடுவாரு."

"போதும், உக்காரு," என்றார் தேவேந்திரன்.

"சார்," என்றான் யோகேஷ், ரொம்பப் பணிவாக. "பகிர்வுல நடுவுல பேசக் கூடாது."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். யோகேஷ் எழுந்து தன் பெயரைச் சொன்னான், குடிக்கமாட்டேன் என்றான், கல் தூக்கமாட்டேன் என்றான். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். சாந்திபுரத்து வேங்கடாசலம் பயந்தவர். குடிக்கமாட்டேன் என்பதோடு உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் பேசி முடித்த பிறகு மறுபடி எழுந்து, "கல்லு விசயம் மறந்துட்டேன். நானும் தூக்கமாட்டேன்," என்றார்.

வார்டன் வட்டத்தில் உட்காருவதில்லை. கன்னையா கதவருகே நின்றபடியே பேசினார். "என் பேரு கன்னையா. நானும் குடிநோயாளிதான். சாவியும் போனும் என்கிட்ட கீது. ஆம்புலன்ஸக் கூப்புடறேன்."

"கன்னையா, ராத்திரிக்கு எங்க படுப்ப?"

"தெரியல சார்," என்று சொல்லி அவர் வெளியே போனார்.

108 வண்டி வந்தது. நாங்கள்தான் உடனே கூப்பிட்டோம் என்று டிரைவரிடம் சொன்னார் தேவேந்திரன். இஸ்ரேலைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். தாமதமாகிவிட்டது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

கன்னையாவை மதியமே வெளியே அனுப்பினார்கள். மாலையில் ஜெயகுமாரிக்கு போன் போனது.

"ஒங்க வூட்டுக்காரருக்கு இன்னும் குணமாகலம்மா. மூணு மாசம் ஆகும்."

"அவர்கிட்ட குடுங்க, பேசறேன்."

"இப்ப முடியாது."

"அப்ப நேர்ல வர்றேன் சார்."

வியாழக்கிழமை விடியற்காலை மையத்தின் வாசலில் மூன்று பேர் நின்றார்கள்: ஜெயகுமாரி, இஸ்ரேலின் மனைவி ஹன்னா, கன்னையா. அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. உள்ளே களத்துக் கதவு திறந்தது. கன்னையாவைத் திரும்பச் சேர்க்கும் வரை கல் தூக்குவதில்லை என்று இருபத்தைந்து பேரும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஏற்ற வந்த லாரி காலியாகத் திரும்பிப் போனது.